சத்தியம் தோற்ற இடத்தில்

நான் பத்திரிகைத் துறையில் நுழைந்த காலத்தில், இரவுப் பணியிலிருந்த மூத்த உதவி ஆசிரியர் ஒருவரே எனக்குத் தொழில் கற்றுத்தந்தார். அச்சுப் பிரதியில் ஒளிந்திருக்கும் பிழையை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடும் கண் அவருக்கு. ஆனால் மாலை ஆறு மணியானால் அவரது கை நடுங்கத் தொடங்கும். தவறணைக்குப் போய் வந்த பின்னரே அந்த நடுக்கம் நிற்கும். அவர் ஒரு கத்தோலிக்கர். ஒவ்வோர் ஆண்டும் தவக்காலம் தொடங்கும் நாளில், இனிக் குடிப்பதில்லையென்று சத்தியம் செய்வார். சில ஆண்டுகளில் அது உயிர்ப்பு ஞாயிறு வரை நின்றது. சில ஆண்டுகளில் முதல் வாரத்தையே தாண்டவில்லை. ஒருமுறை தம் மகளின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார். அதுவும் நிலைக்கவில்லை. ஈரல் கெட்டு, ஓய்வு பெறும் வயதை எட்டுமுன்பே இறந்துபோனார். சேமக்காலையிலிருந்து திரும்பும்போது நாங்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னோம்: "மனவுறுதி இல்லாத மனிதர்."

அந்த வார்த்தை எவ்வளவு பிழையானது என்பதை, பல ஆண்டுகளுக்குப் பின்னர் ஒரு வரலாற்றைத் தேடிப் படித்தபோதுதான் உணர்ந்தேன். குடிக்கு அடிமையானோர் மீள்வதற்குக் கிறிஸ்தவ நம்பிக்கை எவ்வாறு வழிசமைத்தது என்பதே அந்த வரலாறு. அதில் வெற்றிகள் உண்டு. தோல்விகளும் நிறையவே உண்டு.

சத்தியத்தின் காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சபைகள் மதுவுக்கு எதிராகக் கையிலெடுத்த பிரதான ஆயுதம் சத்தியப் பிரமாணமே. அயர்லாந்தின் கோர்க் நகரில் பணியாற்றிய கப்புச்சின் சபைத் துறவி தியோபோல்ட் மத்தியூ 1838 ஏப்ரல் 10ஆம் திகதி முழு மதுவிலக்குப் பிரமாணத்தில் முதலில் தாமே கையொப்பமிட்டார். அவரைத் தூண்டியவர் கத்தோலிக்கரல்லர். வில்லியம் மார்ட்டின் என்ற குவேக்கர் சபையைச் சேர்ந்தவர். அடுத்துவந்த சில ஆண்டுகளில் இலட்சக்கணக்கான ஐரிஷ் மக்கள் மத்தியூ அடிகளாரின் முன் முழந்தாளிட்டுப் பிரமாணம் எடுத்தனர். சாராய வரியால் அரசுக்குக் கிடைத்த வருமானமே குறைந்தது. ஆயினும், 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சம் அந்த நாட்டைச் சிதறடித்தபோது இயக்கமும் சிதறியது. அடிகளார் 1856இல் காலமானபோது, எடுத்த பிரமாணங்களிற் பெரும்பகுதி காற்றோடு போயிருந்தது.

அதே 1856ஆம் ஆண்டில்தான் டப்ளின் நகரில் மட் டல்பொட் என்ற குழந்தை பிறந்தது. பன்னிரண்டு வயதில் வேலைக்குச் சென்ற சிறுவன் அங்கேயே குடிக்கவும் பழகினான். கூலி முழுவதும் மதுக்கடைக்கே போயிற்று. கண்பார்வையற்ற வயலின் கலைஞர் ஒருவரின் வயலினைத் திருடி விற்றுக் குடிக்குமளவுக்கு அவன் தாழ்ந்ததாக வரலாறு கூறுகிறது. 1884இல், கையில் காசில்லாத ஒரு நாளில், மதுக்கடையின் அருகே நின்று, வழமையாகத் தன்னோடு குடிக்கும் தோழர்கள் உள்ளே அழைப்பார்கள் எனக் காத்திருந்தார் அந்த 28 வயது இளைஞர். ஒருவரும் அழைக்கவில்லை. வீடு திரும்பியவர் அன்றே பிரமாணம் எடுத்துக்கொண்டார்.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். டல்பொட் ஆயுள் முழுவதற்கும் சத்தியம் செய்யவில்லை. முதலில் மூன்று மாதங்களுக்கே செய்தார். பின்னர் அது ஆறு மாதமாயிற்று. அதன் பின்னரே ஆயுட்காலப் பிரமாணமாயிற்று. நாள்தோறும் அதிகாலைத் திருப்பலிக்குச் சென்றார். கடைக்காரர்களுக்குக் கொடுக்கவேண்டிய கடன்களைத் தேடிச் சென்று அடைத்தார். அந்த வயலின் கலைஞரைத் தேடித் தேடிக் காணாமல், அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கப் பணம் கொடுத்தார். மரக்காலைத் தொழிலாளியாகவே வாழ்ந்த அவர், 1925 ஜூன் 7ஆம் திகதி திருப்பலிக்குச் செல்லும் வழியில் வீதியில் விழுந்து உயிர்நீத்தார். 41 ஆண்டுகள் ஒரு துளி மதுவும் அருந்தாத அவரை 1975இல் பாப்பரசர் ஆறாம் பவுல் வணக்கத்துக்குரியவராக அறிவித்தார்.

சத்தியம் டல்பொட்டைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் அந்தச் சத்தியத்தைச் சுற்றி அன்றாட வழிபாடும், பிழைக்குப் பரிகாரம் தேடுதலும், சிறிய கால அளவும் அரணாக நின்றன. அந்த அரண் இல்லாத இலட்சக்கணக்கானோரின் சத்தியங்கள் உடைந்தன. உடைந்த சத்தியம், குடியால் வந்த அவமானத்தோடு தெய்வத்துக்குத் துரோகம் செய்துவிட்டோம் என்ற குற்றவுணர்வையும் சேர்த்துவிட்டுப் போகும். அந்தப் பாரத்தை இறக்கவும் மனிதன் மறுபடி போத்தலையே நாடுவான்.

விழுந்தவனே கைகொடுத்தான்

வேறொரு வழி அமெரிக்காவில் ஏற்கெனவே தென்பட்டிருந்தது. 1840 ஏப்ரல் மாதத்தில் போல்ட்டிமோர் நகரின் மதுச்சாலை ஒன்றில் கூடியிருந்த ஆறு நண்பர்கள், இனிக் குடிப்பதில்லையெனத் தமக்குள் ஒரு சங்கத்தை அமைத்தனர். ஜோர்ஜ் வொஷிங்டனின் பெயரைத் தாங்கிய அந்தச் சங்கத்தில் பிரசங்கம் கிடையாது. முன்னாள் குடிகாரர்கள் தத்தம் கதையை எழுந்துநின்று சொன்னார்கள். இளம் வழக்கறிஞராயிருந்த ஆபிரகாம் லிங்கன் 1842 பெப்ரவரி 22ஆம் திகதி ஸ்பிரிங்பீல்டில் இந்தச் சங்கத்தாரிடையே உரையாற்றியபோது, குடிகாரரைக் கண்டித்துப் பேசுவோரைவிட, குடியிலிருந்து மீண்டவர் பேசுவதே பலன் தருகிறது என்று வாதிட்டார். குடிக்கு ஆளாகாதவர்கள் தம்மை உயர்ந்தோராகக் கருதிக்கொள்ளக் காரணமில்லை என்றும் எடுத்துரைத்தார். ஆனால் மதுவிலக்குச் சட்ட அரசியலிலும் பிற வாதங்களிலும் சிக்கி, அந்தச் சங்கம் ஒரு தசாப்தத்துக்குள் மறைந்தது.

நியூயோர்க் துறைமுகப் பகுதியில் ஆற்றுக் கள்வனாகத் திரிந்து, சிங் சிங் சிறையில் மனந்திரும்பிய ஜெரி மெக்கோலி 1872இல் வோட்டர் வீதியில் ஒரு மிஷன் இல்லத்தைத் திறந்தார். போதையோடு வந்தவருக்கும் அங்கே உணவும் இருக்கையும் கிடைத்தன. அங்கும் மீண்டவர்களே சாட்சி சொன்னார்கள். 1877இல் ஜெனீவாவில் லூயி லூசியன் ரொஷா என்ற போதகர் நீலச் சிலுவைச் சங்கத்தை நிறுவினார். இலண்டனில் 1865இல் வில்லியம் பூத் தொடங்கிய பணி இரட்சணிய சேனையாக உருவெடுத்து, 1883இல் நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்தது.

மெக்கோலியின் பணியால் மீண்ட எஸ். எச். ஹட்லி என்பவரின் வாக்குமூலத்தை, தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1902இல் வெளியிட்ட சமய அனுபவங்கள் பற்றிய நூலில் எடுத்தாண்டார். அந்த நூல் முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர் ஒரு வைத்தியசாலைக் கட்டிலில் மறுபடி விரிக்கப்படவிருந்தது.

சூரிச்சிலிருந்து புரூக்ளின் வரை

அமெரிக்காவின் செல்வந்தத் தொழிலதிபர் குடும்பமொன்றில் பிறந்த ரோலண்ட் ஹசார்ட், குடியை விடமுடியாமல் சுவிட்சர்லாந்து சென்று உளவியல் மேதை கார்ல் யுங்கிடம் சிகிச்சை பெற்றார். பின்னர் மீண்டும் குடித்தார். வைத்தியத்தால் இனி ஆகக்கூடியது எதுவுமில்லை என்றும், ஆழ்ந்த ஆன்மீக அனுபவம் ஒன்று மட்டுமே இத்தகையோரை அபூர்வமாக மாற்றியிருக்கிறது என்றும் யுங் அவரிடம் ஒளிக்காமற் கூறினார். ஒரு வைத்தியர் தம் இயலாமையை ஒப்புக்கொண்ட அந்தக் கணமே பின்னர் நடந்தவற்றுக்கெல்லாம் வித்து.

ஹசார்ட் ஒக்ஸ்போர்ட் குழுவினரிடம் சென்றார். லூத்தரன் போதகர் பிராங்க் புக்மன் தொடங்கிய கிறிஸ்தவ இயக்கம் அது. புக்மன் தாம் பணியாற்றிய இல்லமொன்றின் நிர்வாகிகள் அறுவரோடு மனக்கசப்புற்று வெளியேறியவர். 1908இல் இங்கிலாந்தின் கெசிக் நகரில் சிறு சிற்றாலயமொன்றில் சிலுவையைப் பற்றிய பிரசங்கத்தைக் கேட்டு மனமுடைந்து, அந்த அறுவருக்கும் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினார். ஒருவரும் பதில் எழுதவில்லை. ஆனால் எழுதியவர் மாறிவிட்டார். தன் பிழையை இன்னொருவரிடம் ஒப்புக்கொள்ளல், பாதிக்கப்பட்டவருக்குப் பரிகாரம் செய்தல், நாள்தோறும் அமைதியில் இறைவனின் வழிநடத்தலைத் தேடல் ஆகியன அவரது இயக்கத்தின் நடைமுறைகளாயின.

1934இல் வேர்மொன்ட் மாநிலத்தில், குடியினால் தடுத்துவைக்கப்படவிருந்த எபி தச்சர் என்பவரை ஹசார்ட்டும் தோழர்களும் பொறுப்பேற்று மீட்டனர். எபி நியூயோர்க் சென்று, சாமுவேல் ஷூமேக்கர் என்ற போதகரின் கல்வாரி ஆலயம் நடத்திய இல்லத்தில் தங்கினார். அவ்வாண்டு நவம்பர் மாத இறுதியில் தம் பழைய குடித்தோழரைக் காணப் புரூக்ளினுக்குப் போனார். அந்தத் தோழரின் பெயர் பில் வில்சன். பங்குச் சந்தையில் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்தவர். அப்போது மனைவியின் உழைப்பில் வாழ்ந்து குடித்துக்கொண்டிருந்தவர். சமையலறை மேசையில் பில் நீட்டிய கோப்பையை எபி மறுத்தார். தாம் விட்டுவிட்டதாகவும், எப்படி விட்டதெனவும் சொன்னார். புத்திமதி கூறவில்லை.

டிசம்பர் 11ஆம் திகதி பில் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார். அங்கே வைத்தியர் வில்லியம் சில்க்வேர்த், குடிவெறியை ஒழுக்கக்கேடாகக் கருதாமல் நோயாகவே நோக்கியவர். மனச்சோர்வின் அடியாழத்தில் கிடந்த பில், கடவுளே இருந்தால் வெளிப்படட்டும் என்று கதறினார். அறை முழுவதும் ஒளி நிறைந்ததாகவும், பேரமைதி தம்மை ஆட்கொண்டதாகவும் பின்னர் எழுதினார். புத்தி பேதலித்துவிட்டதோ என்று அஞ்சிய அவரை வைத்தியர் தேற்றினார். வில்லியம் ஜேம்ஸின் நூல் அவர் கைக்கு வந்தது அந்த நாட்களில்தான். 1971இல் இறக்கும் வரை அவர் மறுபடி குடிக்கவேயில்லை.

அக்ரன் நகரில் ஒரு மாலை

வெளியே வந்த பில், கண்ட குடிகாரருக்கெல்லாம் தாம் பெற்ற ஒளியைப் பற்றிப் பிரசங்கித்தார். ஆறு மாதங்களில் ஒருவரும் திருந்தவில்லை. மனம் சலித்துப்போனவரிடம், "நீங்கள் குடிக்காமல் இருக்கிறீர்களே" என்ற பொருளில் மனைவி லோயிஸ் நினைவூட்டினார்.

அந்தச் சொல்லின் முழுப்பொருளும் 1935 மே மாதத்தில் விளங்கிற்று. வணிக முயற்சியொன்று தோற்றுப்போக, ஒஹையோ மாநிலத்து அக்ரன் நகரின் ஹோட்டலொன்றில் ஏறத்தாழ வெறுங்கையோடு தனித்து நின்றார் பில். கூடத்தின் ஒருபுறம் மதுச்சாலையின் சிரிப்பொலி. மறுபுறம் ஊர் ஆலயங்களின் பெயர்ப்பட்டியலும் தொலைபேசியும். இன்னொரு குடிகாரரிடம் பேசாவிட்டால் தாம் குடித்துவிடுவோம் என்று உணர்ந்து, பட்டியலிலிருந்த போதகரொருவரை அழைத்தார். அதன் வழியாக, ஒக்ஸ்போர்ட் குழுவைச் சேர்ந்த ஹென்றியெட்டா சைபர்லிங் என்ற பெண்மணியின் தொடர்பு கிடைத்தது. குடிக்கு அடிமையான சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவருக்காக அவரது குழுவினர் செபித்துக்கொண்டிருந்த காலம் அது.

அந்த வைத்தியர்தான் டொக்டர் பொப் ஸ்மித். மே 12ஆம் திகதி, அன்னையர் தினத்தன்று மாலை, பதினைந்து நிமிடங்களுக்கு மேல் இருக்கமாட்டேன் என்ற நிபந்தனையோடு அவர் வந்தார். பேசி முடித்தபோது இரவு பத்து மணியைத் தாண்டிவிட்டது. குடியைப் பற்றி அவரறியாத மருத்துவ உண்மை எதையும் பில் சொல்லவில்லை. திருமறையையும் டொக்டர் பொப் ஏற்கெனவே படித்திருந்தார். வந்தவர் தம்மைத் திருத்த வரவில்லை, தாம் பிழைத்துக்கொள்ள உதவி கேட்டு வந்திருக்கிறார் என்பதே அவருக்குப் புதுமையாயிருந்தது.

டொக்டர் பொப் இன்னும் ஒருமுறை விழுந்தார். வைத்தியர் மாநாடொன்றுக்குச் சென்று வெறியோடு திரும்பினார். ஜூன் 10ஆம் திகதி சத்திரசிகிச்சையொன்று செய்யவேண்டியிருந்ததால், கைநடுக்கம் நிற்கப் பில்லே ஒரு போத்தல் பியரைக் கொடுத்து அனுப்பினார். சிகிச்சை முடிந்தும் அவர் வெகுநேரம் வீடு திரும்பவில்லை. எங்கோ குடிக்கப் போய்விட்டார் என்று வீட்டார் கலங்கினர். அவரோ கடன்காரரையும் தம்மால் மனம் நொந்தவர்களையும் வீடு வீடாகத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பியரே அவர் அருந்திய கடைசி மது. அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ், அதாவது பெயர் வெளியிடாத குடிநோயாளர் அமைப்பு, தன் பிறந்தநாளாக இன்றும் கொண்டாடுவது அந்த ஜூன் 10ஆம் திகதியையே.

பெயரைத் துறந்த நம்பிக்கை

அக்ரனில் தொடக்க காலக் கூட்டங்கள் முழுக்க முழுக்கக் கிறிஸ்தவக் கூட்டங்களே. டொக்டர் பொப்பின் மனைவி ஆன், விவிலியத்திலிருந்து யாக்கோபின் நிருபத்தை அடிக்கடி வாசிப்பார். பாவங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட வேண்டுமென வலியுறுத்தும் அந்த நிருபத்தின் மீதிருந்த பற்றினால், அமைப்புக்கு அதன் பெயரையே சூட்டலாமெனச் சிலர் கருதினர்.

ஆனால் வாசலில் வந்து நின்றவர்கள் எல்லோரும் அந்த வழியில் நடக்கக்கூடியவர்களாக இருக்கவில்லை. கிளீவ்லாந்து நகரிலிருந்து வந்த கத்தோலிக்கர்களுக்குப் புரட்டஸ்தாந்து இயக்கமொன்றின் பாவ அறிக்கைக் கூட்டத்தில் பங்குபற்றுவது தம் திருச்சபைக்கு விரோதமாகப்பட்டது. நியூயோர்க்கில் வந்தவர்களுள் கடவுள் நம்பிக்கையே இல்லாதோர் இருந்தனர். புக்மன் 1936இல் ஹிட்லரைப் பற்றிக் கூறிய சாதகமான கருத்து பத்திரிகையில் வெளியாகிப் பெரும் கண்டனத்தைக் கிளப்பியிருந்தது. 1937இல் நியூயோர்க் அணியும், பின்னர் ஒஹையோ அணியும் ஒக்ஸ்போர்ட் குழுவிலிருந்து பிரிந்தன.

1938 டிசம்பரில் பில் பன்னிரண்டு படிகளை எழுதினார். தன் வலுவின்மையை ஒப்புக்கொள்ளல், இறைவனிடம் கையளித்தல், தன்னைச் சோதித்தல், பிழைகளை இன்னொருவரிடம் அறிக்கையிடல், பரிகாரம் செய்தல், செபித்தல், பிறருக்கு உதவுதல் ஆகியவற்றைக் கொண்ட அந்தப் படிகளில் திருச்சபையின் பழைய பாவசங்கீர்த்தன மரபை எவரும் இனங்காணலாம். நம்பிக்கையற்ற உறுப்பினர்களின் வற்புறுத்தலினால் முழந்தாளிடுவது பற்றிய சொற்கள் நீக்கப்பட்டன. கடவுளை அவரவர் விளங்கிக்கொண்ட வண்ணம் ஏற்கலாமென்ற வாசகம் சேர்க்கப்பட்டது. கிறிஸ்துவின் பெயர் படிகளில் இடம்பெறவில்லை. அந்த நூல் 1939 ஏப்ரலில் வெளிவந்தது.

இதனை விசுவாச மறுதலிப்பு என்று அன்றும் சிலர் குறைகூறினர். இன்றும் கூறுவோர் உளர். ஆனால் கதவு அகலத் திறக்கப்பட்டதும் முதலில் உள்ளே வந்து உதவியோருள் துறவிகளும் இருந்தனர். 1939 ஓகஸ்டில் அக்ரன் புனித தோமையார் வைத்தியசாலையில் குடிநோயாளர் எவரையும் சேர்க்கும் வழக்கமில்லாதபோது, அருட்சகோதரி இக்னேஷியா இரைப்பை அழற்சியெனப் பதிந்து டொக்டர் பொப்பின் நோயாளி ஒருவரை அனுமதித்தார். பின்னர் ஆயிரக்கணக்கானோர் அவரது பராமரிப்பில் மீண்டனர். விடைபெறும் நோயாளிக்கு அவர் திரு இருதய அடையாளமொன்றைக் கொடுப்பார். குடிக்க எண்ணினால், முதலில் அதைத் தம்மிடம் திருப்பித் தரவேண்டுமென்பது நிபந்தனை. சத்தியமும் அதில் இருந்தது; திரும்பி வருவதற்கு ஒரு முகமும் இருந்தது. 1940இன் பிற்பகுதியில் எட் டௌலிங் என்ற இயேசு சபைக் குருவானவர் பில்லைத் தேடி வந்து, பன்னிரண்டு படிகளுக்கும் புனித இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகளுக்குமிடையே கண்ட ஒற்றுமையைச் சொன்னார். பில் அத்தகைய நூலெதையும் அறியாதவர்.

பத்திரிகையாளன் என்ற வகையில் நான் மறக்க முடியாத பெயரொன்றும் இந்த வரலாற்றில் உண்டு. "சற்றர்டே ஈவினிங் போஸ்ட்" சஞ்சிகையின் செய்தியாளர் ஜாக் அலெக்சாண்டர் இவர்களை ஐயத்தோடு ஆராயச் சென்றார். ஏமாற்று வேலையாக இருக்குமென்ற எண்ணத்தோடு போனவர் நகரம் நகரமாகச் சென்று விசாரித்து, கண்டதைக் கண்டபடி எழுதினார். 1941 மார்ச் 1ஆம் திகதி கட்டுரை வெளியானபோது ஏறத்தாழ 2,000 பேராக இருந்த அமைப்பு, அவ்வாண்டு முடிவில் ஏறத்தாழ 8,000 பேராக வளர்ந்தது. நம் தொழிலினால் விளைந்த நன்மைகளைக் கணக்கெடுத்தால், அந்தக் கட்டுரைக்கு அதில் தனியிடம் உண்டு.

மீண்டவரும் மீளாதவரும்

இந்த வரலாற்றை வெற்றிக் கதையாக மட்டும் சொல்வது நேர்மையாகாது. செய்தியைக் கொண்டுவந்த எபி தச்சர் பலமுறை மறுபடி குடியில் விழுந்தார். 1966இல் இறப்பதற்கு முன்னரான இரண்டொரு ஆண்டுகளே அவர் மது நீங்கி வாழ்ந்தார். ஆயினும் பில் இறுதிவரை எபியையே தம் வழிகாட்டி என்று அழைத்தார். பில் தாமும் புனிதரல்லர். நெடுநாள் மனச்சோர்வால் வாடியவர். புகைப்பழக்கம் அவரது நுரையீரலைத் தின்றது.

மருத்துவ ஆய்வுகளும் இதையே வேறு மொழியில் சொல்கின்றன. 2020இல் வெளியான கொக்ரேன் மீளாய்வு, 10,000க்கும் மேற்பட்டோர் பங்குகொண்ட 27 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியது. பன்னிரண்டு படி முறையோடு இணைக்கப்பட்டோரில் 42 சதவீதமானோர் ஓராண்டின் பின் முற்றாக மது நீங்கியிருந்தனர். ஏனைய சிகிச்சைகளில் அது 35 சதவீதம். முறை பலன் தருகிறது என்பது உண்மை. பாதிக்கு மேற்பட்டோர் முதல் ஆண்டிலேயே சறுக்குகிறார்கள் என்பதும் உண்மை. நீண்டகாலம் கடுமையாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே செபத்தோடு வைத்தியரும் வேண்டும். பில் வைத்தியசாலைக் கட்டிலிலிருந்தே எழுந்தார் என்பதை மறந்துவிடலாகாது.

1961 ஜனவரியில் பில், யுங்குக்கு நன்றி கூறிக் கடிதம் எழுதினார். உடனே பதில் எழுதிய யுங், ஹசார்ட்டின் மதுத்தாகம் உண்மையில் இறைவனோடு ஒன்றாவதற்கான ஆன்மாவின் தாகமே என்ற கருத்தைத் தெரிவித்தார். இலத்தீன் மொழியில் மதுவுக்கும் ஆவிக்கும் ஒரே சொல் வழங்குவதையும் சுட்டிக்காட்டினார். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் யுங் காலமானார். 1991இல் கலிபோர்னியாவின் சடில்பாக் ஆலயத்தில், கிறிஸ்துவின் பெயரை வெளிப்படையாகவே முன்வைத்து, மலைப்பிரசங்கத்தின் பேறுகளை அடித்தளமாகக் கொண்டு, மீட்புக்கான புதிய குழுக்கள் தொடங்கப்பட்டன. ஆலயத்திலிருந்து வெளியே சென்ற வழிமுறை, சுற்றிவந்து மறுபடி ஆலயத்துள் நுழைந்தது.

இதையெல்லாம் படித்து முடித்தபோது, அந்த மூத்த உதவி ஆசிரியரின் முகமே என் முன் நின்றது. நாங்கள் அவரைத் திட்டினோம், இரங்கினோம், சத்தியம் செய்யச் சொன்னோம், சத்தியம் உடைந்தபோது சிரித்தோம். பங்குக் குருவானவரும் நல்லவரே. அவரும் சத்தியத்தையே கேட்டார். ஆனால், "நானும் அங்கே கிடந்தவன்தான், இன்று மட்டும் குடிக்காமல் இருக்கிறேன், சற்றுநேரம் என்னோடு பேசும்" என்று சொல்லி அவர் பக்கத்தில் அமர்வதற்கு அன்று எங்கள் காரியாலயத்தில் ஒருவரும் இருக்கவில்லை. இத்தனைக்கும், எங்களுள் குடித்தவர் அவர் ஒருவர் மட்டுமல்லர். அவரது கை நடுங்கியது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.